பெங்களூரில் குழந்தையைப் பாட்டு வகுப்பில் சேர்ப்பதும், வீட்டில் அதற்குக் காது கொடுப்பதும்: புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, 6 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையைக் கர்நாடக வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகளுக்கு ஆசிரியர் தேடிய காலத்தில், எங்கே விசாரிப்பது, எவ்வளவு கட்டணம் நியாயம், என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள் என்பதை ஒரே இடத்தில் சொல்வார் யாருமில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் கேட்டு அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அதைவிடப் பெரிய சிரமம் சேர்த்த பிறகு வந்தது. வகுப்பு என்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குழந்தை வீட்டில் இருக்கிறது, வீட்டில்தான் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறது. அந்தப் பாட்டை வீட்டில் யார், எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மூன்றாம் ஆண்டிலும் குழந்தை பாடுமா பாடாதா என்பது அமைகிறது என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் சேர்க்கும் வழியோடு கேட்கும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. முதலில் குழந்தையிடம் கேளுங்கள்

பாட்டுக் கற்க ஆசைப்படுவது குழந்தையா, நாமா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. "பாட்டு கிளாஸ் போறியா?" என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் நம் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி" என்றுதான் சொல்லும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏதாவது ஒரு கச்சேரிக்கோ, கோயிலில் நடக்கும் குழுப் பாட்டுக்கோ அழைத்துச் சென்று, திரும்பி வரும்போது எதுவும் கேட்காமல் இருங்கள். குழந்தை தானாக எதைப் பற்றிப் பேசுகிறது என்று கவனியுங்கள். மிருதங்கத்தைப் பற்றியே பேசினால் வாய்ப்பாட்டை ஒத்திவைக்கலாம்.

வயதைப் பொறுத்தவரை, 6 அல்லது 7 வயதில் தொடங்குவது வசதியானது. அதற்கு முன் சேர்த்தால் சுலோகங்களும் சிறு பாட்டுகளும் கற்பிக்கும் வகுப்பாக இருக்கட்டும். 11 வயதைக் கடந்துவிட்டதே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய குழந்தைகள் தாளத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

2. ஆசிரியரைத் தேடுவது

இணையத்தில் தேடினால் முதலில் வருபவை விளம்பரங்களே. நேரில் தேடுவதுதான் பலன் தரும். கே.ஆர். சாலையில் உள்ள, நூறாண்டு கடந்த பெங்களூர் காயன சமாஜம், இந்திராநகர் சங்கீத சபை, அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் ஆகிய இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குச் சென்றால், இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் விசாரித்தாலே உங்கள் பகுதியில் சொல்லிக்கொடுப்பவர்களின் பெயர் கிடைத்துவிடும். சென்னைக்கு மார்கழி எப்படியோ அப்படித்தான் இந்த ஊருக்கு ராமநவமி. 1939-இல் தொடங்கி, சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடந்துவரும் ஸ்ரீ ராம சேவா மண்டலியின் ராமநவமி இசை விழாவுக்கு மாணவர்களும் ஆசிரியர்களும் திரளாக வருவார்கள். ஜனவரி வாக்கில் வரும் தியாகராஜ ஆராதனையில் மாணவர்கள் கூடிப் பாடுவதைக் கேட்டால், எந்த ஆசிரியரின் பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் பாடுகிறார்கள் என்பது கண்ணுக்கே தெரியும்.

பெயர்கள் கிடைத்த பின் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு.

தூரம்: வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் நல்ல ஆசிரியர், 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புகழ்பெற்ற ஆசிரியரைவிட மேலானவர். இந்த ஊர் போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்த குழந்தையின் தொண்டையில் பாட்டு வராது.

மொழி: பல ஆசிரியர்கள் கன்னடத்தில் கற்பிப்பார்கள், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஸ்வரக் குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். தயங்க வேண்டாம்; பாட்டு கற்க வந்த குழந்தை ஓராண்டில் கன்னடமும் பேசிவிடும். குறிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ள அனுமதி உண்டா, பின்னாளில் தமிழ்ப் பாடல்களும் சொல்லித் தருவாரா என்று தொடக்கத்திலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலோர் மறுப்பதில்லை. புரந்தரதாசரின் தேவரநாமாக்களோடு (கன்னடப் பக்திப் பாடல்களோடு) பாபநாசம் சிவனையும் கோபாலகிருஷ்ண பாரதியையும் கற்பிக்கும் கன்னட ஆசிரியர்களை நான் அறிவேன்.

வகுப்பைப் பார்ப்பது: ஒரு வகுப்பு முழுவதும் பின்னால் உட்கார்ந்து கேட்க அனுமதி கேளுங்கள். குழந்தை தப்பாகப் பாடும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். தானே மறுபடி பாடிக் காட்டுகிறாரா, அல்லது மற்ற பிள்ளைகளின் முன் கடிந்துகொள்கிறாரா? தனி வகுப்பாக இருந்தால் பெற்றோர் அதே அறையிலோ, கதவு திறந்திருக்கும் பக்கத்து அறையிலோ இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு உடன்படாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

இணைய வகுப்பில் ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேரும் என்பதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாடவோ ஒன்றாகத் தாளம் போடவோ முடியாது. ஏற்கனவே சுருதியோடு (அடிப்படை ஒலி மட்டத்தோடு) சேர்ந்து பாடப் பழகிய பிள்ளைகளுக்கு அது போதும்; தொடக்க நிலையில் நேர் வகுப்பே நல்லது.

3. கட்டணம், பொருட்கள், ஆவணங்கள்

நாங்கள் விசாரித்த இடங்களில், வாரம் இரு முறை நடக்கும் குழு வகுப்புக்கு மாதம் 1,000 முதல் 2,500 ரூபாய் வரையும், தனி வகுப்புக்கு ஒரு அமர்வுக்கு 400 முதல் 1,000 ரூபாய் வரையும் கேட்டார்கள். ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கேட்கும் இடங்களில் எச்சரிக்கை தேவை. எங்கள் மகள் முதலில் சேர்ந்த இடத்தில் அப்படித்தான் வாங்கினார்கள்; இரண்டு மாதத்தில் ஆசிரியர் மாறிவிட்டார், பணம் திரும்பவில்லை. மாதக் கட்டணம், அதிகம் போனால் மூன்று மாதக் கட்டணம், அதற்கு ரசீது. ஆசிரியர் விடுப்பு எடுத்தால் ஈட்டு வகுப்பு உண்டா, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன, பள்ளித் தேர்வு மாதத்தில் பாதிக் கட்டணமா முழுக் கட்டணமா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை குறைவு. நீளமான ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், சுருதிக்கு ஒரு கருவி. கைப்பேசியில் இலவசத் தம்புராச் செயலிகள் இருக்கின்றன. முதல் ஆறு மாதத்துக்கு அவை போதும். பிறகு மின்னணுச் சுருதிப் பெட்டி வாங்கலாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதன் பெரிய நன்மை, சாதக நேரத்தில் கைப்பேசி குழந்தையின் பக்கத்திலேயே இல்லாமல் போவது. இசைக்கருவிக் கடைகள் பளேபேட்டையில் வரிசையாக உள்ளன. ஆசிரியர் எந்தக் கட்டையில் (சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) பாட வைக்கிறார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். சிறு பிள்ளைகளுக்கு 5 கட்டையை ஒட்டி இருக்கும்.

ஆவணங்களில் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. நம் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கும். ஆதாரில் அது தந்தை பெயராக விரிந்து பின்னால் போயிருக்கும். பள்ளிப் பதிவில் வேறொரு விதமாக இருக்கும். வகுப்பில் சேர இதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மாநில அளவிலான இசைத் தேர்வுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருப்பது அவசியம். திருத்தம் செய்வதென்றால் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் சேர்த்த ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். மூன்றின் நகலோடு நான்கைந்து கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்களையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

4. எப்போது சேர்ப்பது

விஜயதசமியன்று சேர்ப்பது வழக்கம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, தட்சிணை ஆகியவற்றைத் தட்டில் வைத்து ஆசிரியரிடம் கொடுத்து நமஸ்காரம் செய்தால் அன்றே முதல் பாடம் ஆகிவிடும். ஆனால் அன்று சேரும் கூட்டத்தில் வகுப்புகள் நிரம்பிவிடும் என்பதால், ஆகஸ்டு மாதமே பேசி இடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏப்ரல், மே கோடை விடுமுறையில் சேர்ப்பதும் நன்று. பள்ளி திறக்கும் முன் தினசரிச் சாதகம் பழகிவிடும்.

5. வீட்டில் சாதகம்: எப்படிக் கேட்பது

ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, மேல் ஸ்தாயி வரிசை, ஏழு தாள அலங்காரங்கள் என்று அடிப்படை ஸ்வரப் பயிற்சிகளாக முதல் ஆண்டு முழுவதும் மாயாமாளவகௌளை ராகத்திலேயே போகும். அதன் பின்தான் கீதம் எனும் எளிய பாடல். வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது போல் தோன்றும் இந்தக் காலத்தில்தான் பெரும்பாலான குழந்தைகள் நின்றுபோகிறார்கள்.

தினம் 20 நிமிடம் போதும். நேரம் மாறக் கூடாது. பள்ளிக்குப் புறப்படும் முன்பு கிடைக்கும் நேரம் சிறந்தது. முடியாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு. தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும், சுருதி முதலில் ஒலிக்கட்டும். வீட்டில் ஒருவர் குழந்தைக்கு எதிரே, தரையிலேயே, கையில் எதுவும் இல்லாமல் உட்கார வேண்டும். காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்கிறேன் என்பது குழந்தைக்குக் கேட்பதாகப் படாது.

உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டியது, பாடி முடிக்கும் வரை வாய் திறக்காமல் இருப்பது. இதுவே மிகக் கடினமானது. தாளம் விலகுகிறது, நிஷாதம் ('நி' ஸ்வரம்) இறங்குகிறது என்று தெரியும்போது நாக்கு துடிக்கும். திருத்துவது ஆசிரியரின் வேலை. அதற்குத்தான் அவருக்குக் கட்டணம் தருகிறோம். கேட்பவருடைய வேலை கவனிப்பது. ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்; அதன் பின் தட்டி வீச்சு, தட்டி வீச்சு. எங்கள் மகள் ஜண்டை வரிசையில் மூன்றாம் காலத்துக்கு (மூன்றாவது வேகத்துக்கு) வரும்போது, மோதிர விரலோடு எண்ணுவது நின்றுவிடும். கை தொடையின் மேல் அப்படியே கிடக்க, தொண்டை மட்டும் முந்திக்கொண்டு ஓடும். 'ஸஸ ரிரி கக' என்று இரட்டையாக அழுந்த வேண்டிய ஸ்வரங்கள் ஒற்றையாகிவிடும். பாட்டை மட்டும் கேட்டவருக்கு அவசரப்படுகிறாள் என்று தோன்றும். கையையும் பார்த்தவருக்கு, விரலையும் ஸ்வரத்தையும் சேர்த்துக் கொண்டுபோக முடியாமல் ஒன்றைக் கைவிடுகிறாள் என்பது விளங்கும். இரண்டும் வேறு வேறு. முதலாவதற்கு அதட்டல்தான் வாயில் வரும், இரண்டாவதற்கு அதட்டத் தோன்றாது.

பாடி முடித்ததும் மதிப்பெண் போடுவது போல் "சூப்பர்" என்றோ "சுமார்" என்றோ சொல்லாமல், கேட்டதை அப்படியே சொல்லுங்கள்: "ரெண்டாம் காலத்துல மூச்சு விடாம ஒரு ஆவர்த்தனம் முழுசா பாடினே." (ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று.) குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்பதை முகத்திலேயே பார்க்கலாம். 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகளில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பின் விடாமுயற்சியும் ஆர்வமும் குறைந்து காணப்பட்டார்கள். 'நன்றாக உழைத்தாய்' என்று புகழப்பட்டவர்கள் அப்படித் தளரவில்லை. "உனக்குப் பாட்டு ரத்தத்துலயே இருக்கு" என்று தாத்தா பாட்டிகள் அன்போடு சொல்வதை நாம் தடுக்க முடியாது. பெற்றோராவது உழைப்பைப் பற்றிப் பேசலாம்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி: "இன்னிக்கு எந்த இடம் கஷ்டமா இருந்தது?" கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்தாமல் எழுந்துவிடுங்கள். நாளைக்கும் அதே கேள்வி இருக்கிறது. குழந்தை சொல்வதை நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் அது கையாலேயே பென்சிலால் குறிக்கச் சொன்னால், அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் தானே கேட்கும்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. எதிர்வீட்டுப் பிள்ளையோடும், தொலைக்காட்சிப் போட்டியில் பாடும் பிள்ளைகளோடும் ஒப்பிட வேண்டாம். விருந்தினர் வந்ததும் "ஒரு பாட்டு பாடிக் காட்டு" என்று கூடத்தில் நிறுத்த வேண்டாம். முன்கூட்டித் தனியாகக் கேட்டு, சரி என்றால் மட்டும். பாடுவதைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் குழந்தையின் அனுமதி வேண்டும். வகுப்பிலிருந்து வீடு திரும்பும் பயணத்தில் பாடத்தைப் பற்றி விசாரிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

6. "எனக்குப் பாட்டு வேண்டாம்" என்று சொன்னால்

ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஒரு நாள் இதைச் சொல்லும். அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். கட்டிய பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். குழந்தை சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்று கேளுங்கள். பிறகு, "வேண்டாம்னு தோணுறது பாட்டா, இந்த கிளாஸா?" என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் பாட்டாக இருக்காது. சனிக்கிழமை அதே நேரத்தில் தோழர்கள் விளையாடப் போவார்கள், பின்னால் சேர்ந்த பிள்ளை முன்னால் போயிருக்கும், அல்லது எல்லோர் முன்னும் ஒரு சொல் தைத்திருக்கும். நேரத்தையோ குழுவையோ மாற்றினாலே பாதி தீரும்.

ஆண் பிள்ளைகளுக்கு 12 முதல் 14 வயது வாக்கில் குரல் உடையும். நேற்று வரை எட்டிய மேல் ஷட்ஜம் (மேலே உள்ள 'ஸ') இன்று எட்டாது. அது வெட்கமாக மாறி, "பாட்டு வேண்டாம்" என்று வெளிவரும். அது குரல்வளை வளர்வதால் வருவது, சோம்பல் அல்ல என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் பேசிச் சுருதியைப் படிப்படியாக இறக்கலாம். வளர்ந்த ஆண்கள் 1 கட்டையை ஒட்டித்தான் பாடுகிறார்கள். அந்த மாதங்களில் தாளமும் ராகம் கண்டுபிடித்தலும் கற்கலாம், கத்திப் பாட வைக்கக் கூடாது. எந்த வயதிலும் கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர் அடித்தார் என்றோ, தொட்டது பிடிக்கவில்லை என்றோ குழந்தை சொன்னால், விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் நம்புங்கள். அன்றோடு அந்த வகுப்பு நிற்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா நேரமும் இயங்குகிறது.

வேறு காரணங்களுக்காக நிறுத்துவதென்றால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். குழந்தையையும் அழைத்துச் சென்று, பாக்கியைத் தீர்த்து, வணங்கி விடைபெற்று வாருங்கள். ஓராண்டு கழித்துத் திரும்பி வர அந்த வாசல் திறந்திருக்கும்.

7. தேர்வும் உதவித்தொகையும்

கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்ற நிலைகளில் இசைத் தேர்வுகள் நடக்கின்றன. பாட்டும் எழுத்துத் தாளும் உண்டு. எழுத்துத் தாளை எந்த மொழியில் எழுதுவது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே ஆசிரியரிடம் பேசி, அந்த மொழியில் குறிப்புகளைப் படிக்கப் பழக்குங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் தேர்வைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ், தில்லி துவாரகையில் இயங்கும் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திறன் உதவித்தொகை வழங்குகிறது. கேட்கும் ஆவணங்களில் முக்கியமானவை வயதுச் சான்று, பள்ளிச் சான்று, குருவின் கடிதம். வல்லுநர் குழுவின் முன் பாடிக் காட்ட வேண்டும். வயது வரம்பைத் தாண்டிவிட்டால் நுழைய முடியாது என்பதால், குழந்தைக்கு 10 வயது ஆனதும் ஆண்டுதோறும் வரும் அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்குங்கள்.

8. பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்பது

வகுப்புக்கு யார் கொண்டுபோய் விடுவது என்பதில் தொடங்கி, எங்கள் வீட்டில் கணவருக்கும் எனக்கும் சச்சரவு வராத சனிக்கிழமை இல்லை என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. குழந்தையிடம் பழகிய முறையையே எங்களுக்குள்ளும் வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலையில், மகள் எழுந்திருக்கும் முன், ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பின் வருவதுதான் பெரும்பாலும் உண்மையான விஷயம். பிறகு முறை மாறும். ஆலோசனை கேட்டால் மட்டுமே ஆலோசனை.

"வாரத்துல ஒரு நாள்தான் தூங்குறேன்" என்று என் கணவர் சொன்னதைப் பாட்டின் மேல் அவருக்குள்ள அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாமல், களைப்பு என்று எடுத்துக்கொள்ள முடிந்தபோது வகுப்பைப் புதன் மாலைக்கு மாற்றினோம். குற்றம் சொல்பவராகவே தோன்றிய என் மாமியாரைக் கேட்டபோது, திருமணத்துக்கு முன் வர்ணம் (கீதத்துக்கு அப்பால் வரும் கடினமான பாடல் வகை) வரை கற்றவர் என்று தெரிந்தது. இப்போது வெள்ளிக்கிழமைச் சாதகத்தில் எதிரே உட்காருவது அவர்தான். திருத்தக் கூடாது என்ற விதி அவருக்கும் உண்டு.

கேட்பது என்றால் ஒப்புக்கொள்வது என்று பொருளல்ல; முழுவதும் கேட்டுவிட்டு "இதுல எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொல்லலாம். கோபத்திலோ அலுப்பிலோ இருக்கும்போது கேட்பது போல் நடிப்பதைவிட, "இப்ப முடியலை, ராத்திரி எட்டரைக்குப் பேசலாமா?" என்று சொல்லி, எட்டரைக்கு மறக்காமல் போய் உட்காருவது மேல். மிரட்டலோ அடியோ உள்ள வீட்டுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது. அங்கே வெளியிலிருந்து உதவி வேண்டும், பெண்கள் உதவி எண் 181.

முதல் சில வாரங்கள் இந்தப் பத்து நிமிடம் செயற்கையாகவே இருக்கும், பேச ஒன்றும் இல்லாதது போலவும் தோன்றும். வகுப்புக் கட்டணம் கட்டும் தேதி வரை, அதாவது ஒரு மாதமாவது, விடாமல் செய்து பார்த்துவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.